இருபத்து நாலு என்றால் நார்மலா?

முதலியார்பேட்டை
12.11.2009

அன்பு மகன் ஜெஸ்வினுக்கு அப்பா எழுதுவது. லியோன் குளிரில் நீயும் மருமகளும் பிள்ளைகளும் சுகமாயிருக்க மாதாவை வேண்டுகிறேன். இங்கேயும் சுகம் என்று வழக்கம்போல் எழுத முடியவில்லை, அதற்குக் காரணம் நீதான்.

இரண்டு மாதம் முன்பு போனில் எங்கள் எடையையும் உயரத்தையும் கேட்டாய். கிலோவை மீட்டரால் இரண்டு தடவை வகுத்து, அம்மாவுக்கு இருபத்து நாலு, நார்மல், அப்பாவுக்கு இருபத்தெட்டு, குண்டு என்று தீர்ப்புச் சொன்னாய். அன்றிலிருந்து எனக்குக் கோதுமைக் கஞ்சி. உன் அம்மா எதிரில் உட்கார்ந்து பன்னில் வெண்ணெய் தடவித் தின்கிறாள், கேட்டால் "குண்டு ஆளுக்கு எதுக்கு வெண்ணெய்" என்கிறாள். மில்லில் முப்பது வருஷம் பஞ்சு மூட்டை தூக்கிய உடம்பு இது, இதில் எது தசை, எது கொழுப்பு என்று உன் வகுத்தலுக்குத் தெரியுமா? தொப்பை இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை.

கோபத்தில் நூலகத்துக்குப் போய்ப் படித்தேன். வெள்ளைக்காரருக்கு இருபத்தைந்து வரை சரியாம், நம் ஆட்களுக்கு இருபத்து மூன்றிலேயே எச்சரிக்கையாம், நமக்குக் கொழுப்பு வயிற்றில்தான் சேருகிறதாம். நீ பிரான்சு அட்டவணையை வைத்து அம்மாவுக்கு நற்சான்று கொடுத்திருக்கிறாய். டெயிலர் டேப்போடு அவள் பக்கத்தில் போனால் "வயசான காலத்துல இது என்ன கூத்து" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினாள். கெஞ்சி அளந்தேன், இடுப்பு தொண்ணூறு சென்டிமீட்டர், பெண்களுக்கு எண்பதைத் தாண்டக்கூடாதாம். மறுநாள் வெறும் வயிற்றில் ரத்தம் எடுக்க வைத்தேன், சர்க்கரை இருநூற்றுப் பத்து.

டாக்டர் மாத்திரை எழுதினார். அவரிடமே "எம் புள்ள பிரான்சுலேர்ந்து நார்மல்னு சொல்லிட்டான், இந்த மனுஷன் பொறாமைல இட்டாந்துட்டாரு" என்றாள். மாத்திரை பிரிக்காமலே கிடக்கிறது. கால் எரிகிறது என்கிறாள், செருப்பைக் குறை சொல்கிறாள். எனக்குப் பயமாயிருக்கிறது, இதை யாரிடமும் சொல்லாதே. போனில் பேசினால் பக்கத்திலேயே நிற்பாள், அதனால்தான் எழுதுகிறேன். ஞாயிறு பூசை முடிந்ததும் கூப்பிடு. வகுத்தது சரி, அட்டவணைதான் நமக்கானது இல்லை, அந்த எண் நார்மலாக இருந்தாலும் சர்க்கரை வரும் என்று நீயே சொல். அவள் மாத்திரையை விழுங்கிய பிறகு போனை வை. அப்பா சொன்னதுதான் சரி என்று மட்டும் வாய் தவறிச் சொல்லிவிடாதே, மாத்திரையைச் சாக்கடையில் போட்டுவிடுவாள்.

மாதா உங்கள் எல்லோரையும் காக்கட்டும், பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். நீயும் ஒரு டேப் வாங்கு, பாஸ்போர்ட்டு எந்த ஊராக இருந்தாலும் வயிறு முதலியார்பேட்டை வயிறுதான்.

உன் அப்பா,
மிக்கேல்