அப்பாவின் பாய்ப்படகில் குறை இல்லை

அன்புள்ள அசோக்,

நீயும் சிவானியும் ஆக்லாந்தில் நலமாக இருக்க வேண்டும். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, சமைக்கிறேன், சாப்பிடுகிறேன், ருசிதான் தெரியவில்லை. இங்கே சிங்கப்பூரில், குவீன்ஸ்டவுனில் நம் அடுக்குமாடி புளோக்கில் லிஃப்ட் மாற்றுகிறார்கள், ஒரே சத்தம், அதுவும் எனக்கு உறைக்கவில்லை. நேற்று தேக்கா மார்க்கெட்டில் மீன் வாங்கினேன், யாருக்கு வாங்கினேன் என்று புரியாமல் பக்கத்து வீட்டு மரியம்மாளிடம் கொடுத்துவிட்டேன். அப்பா போனதற்கு நான் இன்னும் அழவில்லை, இதை யாரிடமும் சொல்லவில்லை, உனக்குத்தான் எழுதுகிறேன்.

நீ படகு வடிவமைக்கும் வேலையை விட்டுவிட்டதாகச் சிவானி போனில் சொன்னாள். இனிமேல் படகே வரையமாட்டேன் என்கிறாயாம். காரியத்தன்று நீ, "சிங்கப்பூர்ல காத்து கம்மி, பாய் பெருசா இருக்கிற படகா வாங்குங்கன்னு நான்தாம்மா சொன்னேன்" என்றாய்.  அது உண்மையா என்று கேட்கப் போனேன்.

விபத்துக்குப் பிறகு படகைச் சோதித்த நஸீஹா என்ற பெண் என்னை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னாள். உனக்குத் தெரிந்ததுதான், எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். படகின் எடைக்குப் பாய் எவ்வளவு பெரிது என்று ஓர் எண் உண்டாம், அது நம் படகில் அதிகம்தான், அவள் மறைக்கவில்லை. லேசான காற்றிலும் ஓட அது வேண்டுமாம், காற்று ஏறினால் பாயைச் சுருக்க வேண்டும், சுருக்கினால் அந்த எண்ணும் இறங்கிவிடும். மொத்த எடையில் அடியில் கட்டிய ஈயம் எத்தனை பங்கு என்று இன்னொன்று, நூற்றுக்கு நாற்பது, நல்ல எண் என்றாள். அகலத்தையும் எடையையும் வைத்துப் போடும் கணக்கு ஒன்று, அது இரண்டைத் தாண்டினால் கவிழ்ந்த படகு நிமிராமலே கிடக்கலாம், அப்பாவுடையது தாண்டவில்லை. எண்கள் எல்லாவற்றையும் சொல்லிவிடாது, ஆனால் இந்தப் படகில் குறை இல்லை என்றாள்.

அன்று அப்பாவுடன் போன சின்னராசுவை, துவாஸ் கப்பல் பட்டறையில் அவரோடு வேலை பார்த்தவரை, ஜாலான் புசாரில் அவர் வீட்டுக்கே போய்ப் பார்த்தேன். மேற்கே கறுத்துக்கொண்டு வந்ததும் பாயைச் சுருக்கலாம் என்றாராம் அவர். அப்பா சிரித்துக்கொண்டே, "இன்னும் கொஞ்ச நேரம்லா, எப்படி ஓடுது பாரு" என்றாராம். காற்று அடித்த பிறகு பாயை இறக்க, படகோடு பிணைத்திருந்த இடுப்புக் கயிற்றைக் கழற்றிவிட்டு முன்னால் போயிருக்கிறார். படகு சாய்ந்து பாய் தண்ணீரில் படுத்துவிட்டது. "படகு தானா எழுந்துடுச்சு அண்ணி, அண்ணன்தான் அதுல இல்ல" என்று சின்னராசு அழுதார். நான் அவருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

சின்னராசு உயிரோடு கரைக்கு வந்தது நீ தேர்ந்தெடுத்த படகில்தான், அசோக். அப்பாவுக்குச் சுருக்க நேரம் இருந்தது, மனம் இல்லை. வேலைக்குத் திரும்பிப் போ கண்ணா. அப்பாமேல் எனக்குக் கோபம் வர வேண்டும், அழுகையும் வர வேண்டும், இரண்டும் இன்னும் வரவில்லை. அவை வரும்போது வீட்டில் ஆள் வேண்டும், திதிக்கு இருவரும் வாருங்கள். சிவானியை வேளைக்குச் சாப்பிடச் சொல். நீங்கள் இரண்டு பேரும் நன்றாக இருக்க வேண்டும், என் ஆசிகள்.

உன் அம்மா,
கமலா