கொட்டகையிலிருந்து போன கார்

அன்புள்ள அப்பச்சி,

சுகம் விசாரிக்க முடியாத இடத்துக்குப் போய்விட்டீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஐயா வாங்கிய கறுப்பு அம்பாசடர் கிடைத்துவிட்டது. விராலிமலை தாண்டி, ரோட்டை ஒட்டிய ஒரு யார்டில் நிற்கிறது. ஆன்லைன் ஏலத்தில் நான்தான் எடுத்தேன். உங்களுக்குச் சந்தோஷமா? எனக்கு அதில்தான் சந்தேகம்.

ஆத்தா நன்றாக இருக்கிறாள். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. உங்கள் பேத்தி பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். காலையில் பால் வந்ததும் நீங்கள் பால்மானியை விட்டுத் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பீர்களே, அந்த வேலையை இப்போது நான் செய்கிறேன். வங்கியில் என்னை ஆடிட் பிரிவுக்கு மாற்றியபோது, "சரியான ஆளத்தான் பிடிச்சுப் போட்ருக்கான்" என்று சிரித்தவர் நீங்கள். யாரையும் எடுத்தவுடன் நம்பாதே என்று பெற்ற மகனுக்குக் கற்றுக்கொடுத்ததும் நீங்கள்தான்.

இந்தக் கடிதத்தை மற்றவர்களும் கேட்கப்போகிறார்கள். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் அப்பா, எங்கள் ஐயா, காலமான பிறகு ஊர் வீடும் காரும் மூன்று ஆண் பிள்ளைகளுக்கும் பொது. பெரியப்பா, நீங்கள், சித்தப்பா. ஒருவர் மட்டும் வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விடக் கூடாது என்று சாவியைப் பெரியப்பா வைத்துக்கொண்டார். ஆர்.சி. புக்கை நீங்கள் வாங்கிப் பீரோவில் பூட்டினீர்கள். சித்தப்பா பானட்டைத் திறந்து டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றிக்கொண்டு போனார். அது இல்லாமல் வண்டி ஸ்டார்ட் ஆகாது. மூன்று பேரும் நிம்மதியாகத் தூங்கினீர்கள். கார் முப்பது வருஷம் கொட்டகையிலேயே நின்றது.

நான்கு வருஷத்துக்கு முன்னால் பொங்கலுக்கு எல்லோரும் ஊருக்குப் போனால், கொட்டகை காலி. தரையில் எண்ணெய்க் கறையும் நான்கு செங்கலும்தான் கிடந்தன. பெரியப்பா அப்போதே இல்லை. அவர் பிள்ளைகள் சிங்கப்பூரில். நாம் சென்னையில். ஊரோடு இருந்தவர் சித்தப்பா ஒருவர்தான், கொட்டகைச் சாவியும் அவரிடம்தான் இருந்தது. கேட்டதற்கு, "எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா" என்று துண்டை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிப் போட்டுக்கொண்டார். துண்டை மாற்றியதே எனக்குப் போதுமானதாக இருந்தது.

அன்று சாயங்காலமே பங்காளிகள் வாட்ஸ்அப் குரூப்பில் எழுதினேன். "ஊரில் இருப்பவருக்குத் தெரியாமல் கார் தானாக எழுந்து நடந்து போய்விட்டதா?" மறுநாள் சாயங்காலம் சித்தப்பா குரூப்பை விட்டு விலகினார். விலகியதையும் நான் சாட்சியாக எடுத்துக்கொண்டேன்.

போன வருஷம் நீங்கள் போனபோது அவர் வந்தார். துக்கம் கேட்க வரிசையில் நின்று, என் முன்னால் வந்ததும் இரண்டு கையையும் நீட்டினார். நான் தொடவில்லை. அவருக்குப் பின்னால் நின்றவரிடம் கையை நீட்டினேன். அத்தனை பேரும் பார்த்தார்கள்.

இந்த ஆடியில்தான் அந்த ஏல ஆப்பைப் பார்த்தேன். அடிபட்ட வண்டி, கைவிட்ட வண்டி எல்லாம் அதில் வரும். வங்கி பறிமுதல் செய்த வண்டிகளுக்கு என்ன விலை போகிறது என்று பார்க்கப் போனவன், ஒரு படத்தில் அப்படியே நின்றுவிட்டேன். "விண்டேஜ் அம்பாசடர், மார்க் டூ. சாவி இல்லை. ஆர்.சி. புக் உண்டு. உள்ளது உள்ளபடி."

பதினோரு படம் போட்டிருந்தார்கள். எல்லாவற்றிலும் வண்டி நனைந்திருந்தது. சுற்றியிருந்த தரையோ காய்ந்து கிடந்தது. வெளுத்த பெயின்ட் பளபளக்கட்டும் என்று தண்ணீர் ஊற்றிப் படம் எடுத்திருக்கிறார்கள். அடிப்பக்கத்தைக் காட்டவே இல்லை, துரு தின்றிருக்கும். என்ஜின் டிஸ்ட்ரிபியூட்டர் மூடி இல்லாமல் மொட்டையாக நின்றது. இடதுபக்கப் பின்கதவில் ஒரு நெளிசல். அத்தை கல்யாணத்துக்குச் சாமான் ஏற்றியபோது அண்டா இடித்த அதே இடம்.

அதெல்லாம் சரி, ஆர்.சி. புக் எப்படி அங்கே போனது? அது நம் பீரோவில் அல்லவா இருக்க வேண்டும்? திறந்து பார்த்தேன். உறை இருந்தது, புக் இல்லை. அந்தப் பொங்கலுக்கு முன்னால், ஆத்தாவுக்கு இரண்டாவது ஆபரேஷன் முடிந்து சித்தப்பா ஒரு நாள் சென்னைக்குப் பார்க்க வந்தாரே, நினைவிருக்கிறதா? அரை மணி நேரம் அந்த அறையில்தான் உட்கார்ந்திருந்தார். ஆளைப் பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். திருடியும் விட்டு, துக்கத்துக்கும் வந்து கை நீட்டினாரே என்று பல்லைக் கடித்தேன்.

ஆசைப்பட்டு அந்தக் காரை வாங்கவில்லை அப்பச்சி. ஆதாரத்துக்காக வாங்கினேன். ஏலம் எடுத்தவனுக்குத்தான் வண்டியின் பழைய பேப்பர்களைக் கொடுப்பார்கள். கடைசிப் பத்து நிமிஷம் யாரோ ஒருவன் விடாமல் ஏற்றிக்கொண்டே வந்தான். பெயர் தெரியாது, 47 என்று முடியும் ஒரு எண் மட்டும் தெரிந்தது. கம்பெனிக்காரனே ஆள் வைத்து ஏற்றுகிறானா? இல்லை, தடயம் வெளியே வரக் கூடாது என்று சித்தப்பாவே ஆள் பிடித்திருக்கிறாரா? எழுபத்தெட்டு வயது மனிதர், ஃபோனில் எழுத்தைப் பெரிதாக்கவே பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுபவர். அவரைப் பற்றி அப்படியும் நினைத்தேன். அந்த 47 யாரென்று இன்றுவரை தெரியாது.

யார்டில் பொறுப்பாக இருந்தது ஒரு பெண். நான் வண்டியைச் சுற்றிக்கூடப் பார்க்காமல் ஃபைலைக் கேட்டதும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"எல்லாரும் போட்டோவ நம்பி எடுத்துட்டு, இங்கிட்டு வந்து வண்டியப் பாத்துச் சண்ட போடுவாங்க. நீங்க வண்டியவே பாக்கல."

"பேப்பர் போதும்மா."

"மூணு கை மாறி வந்திருக்கு சார். மொத மொத வித்தவங்க கடுதாசி அடியில இருக்கும், பாருங்க."

அடியில் இருந்தது. "எனக்கு மட்டுமே பாத்தியப்பட்ட வாகனம். வேறு எவருக்கும் இதில் உரிமை இல்லை." உங்கள் எழுத்து. உங்கள் கையெழுத்து, அதன் கீழே நீங்கள் வைக்கும் இரண்டு புள்ளி.

போலிக் கையெழுத்தாக இருக்குமோ என்று பார்த்தேன். என் பிழைப்பே அதுதானே. ஃபோனில் படமெடுத்துப் பெரிதாக்கி, வெயிலில் நின்று, எங்கேயாவது கை தடுமாறியிருக்கிறதா என்று தேடினேன். போலியாக இருந்துவிட வேண்டுமே என்று அவ்வளவு வேண்டிக்கொண்டு நான் எந்தக் கையெழுத்தையும் பார்த்ததில்லை.

தேதியைப் பார்த்தேன். ஆத்தாவின் முதல் ஆபரேஷனுக்கு ஆறு நாள் முன்பு. "பணத்துக்கு ஏற்பாடு பண்ணிட்டேன், நீ அலையாத" என்று ஃபோனில் சொன்னீர்களே. ஊரெல்லாம் ரசீது கேட்கிறவன் உங்களிடம் மட்டும், எப்படி ஏற்பாடு என்று கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எனக்கு வசதியாக இருந்தது. நீங்களாவது என்னிடம் கேட்டிருக்கக் கூடாதா? மகனிடம் கேட்டால் குறைந்தா போயிருப்பீர்கள்? ஆத்தாவுக்கு இது தெரியுமா என்று இன்னும் கேட்கவில்லை. தெரியும் என்று சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது.

யார்டிலிருந்து நேரே ஊருக்குப் போனேன். சித்தப்பா டிவி பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "வாப்பா, சாப்ட்டியா?" என்றார்.

"கார் கெடச்சிருச்சு சித்தப்பா. வித்தது அப்பச்சிதான்."

டிவி சத்தத்தைக் குறைத்தார். "தெரியும்ப்பா. நாந்தான கொட்டகையத் தொறந்துவிட்டேன். மதினிக்கு ஆபரேசன், பணம் வேணும்னு அண்ணன் கேட்டாக. யார்ட்டயும் சொல்லாதடான்னாக. சொல்லல."

"நான் குரூப்புல அப்படி எழுதுனப்பவாச்சும் சொல்லியிருக்கலாம்ல?"

"ஒங்க அப்பச்சியும் அந்தக் குரூப்புல இருந்தாகளேப்பா. அவுகளே சொல்லிருவாகன்னு பாத்தேன்." டிவியை அணைத்துவிட்டு, "ஒரு நா பூரா ஃபோனக் கையிலயே வச்சுக்கிட்டுப் பாத்தேன்" என்றார்.

அப்பச்சி, அதற்கு மேல் அங்கே என்னால் உட்கார முடியவில்லை. வாசலுக்கு வந்து அந்தப் பழைய செய்தியைத் தேடி எடுத்தேன். யார் யார் படித்தார்கள், எத்தனை மணிக்குப் படித்தார்கள் என்று அதில் காட்டும். முதலில் படித்தவர் நீங்கள். நான் அனுப்பிய இரண்டாவது நிமிஷம். அப்போது என் எதிர் நாற்காலியில்தான் இருந்தீர்கள். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, காபி ஆறிப்போச்சு என்றீர்கள்.

காரை விற்றதற்கு எனக்குக் கோபம் இல்லை. ஆத்தா பிழைத்தாள், அதற்கு மேல் என்ன. ஆனால் உங்கள் தம்பியை நான் திருடன் என்றபோது பேசாமல் இருந்தீர்களே, அதை என்னால் தாங்க முடியவில்லை. அதற்குப் பிறகும் மூன்று வருஷம் என்னோடு ஒரே வீட்டில் இருந்தீர்கள். ஒரு நாள், ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? என்னிடம் தலைகுனிய வெட்கமா? அல்லது நான் உங்களையும் ஆடிட் செய்வேன் என்று பயந்தீர்களா? பயந்திருந்தால், அது என் தப்பும்தான். இவ்வளவு கோபத்திலும் மனசு உங்களைத் தேடுகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

திரும்ப உள்ளே போய்ச் சித்தப்பாவின் காலைப் பிடித்தேன். "விட்ருப்பா. போனவுகள எதுக்கு இழுக்குற?" என்று எழுப்பினார். இந்த ஒரு விஷயத்தில் அவர் பேச்சைக் கேட்கப்போவதில்லை. பெற்ற அப்பனைப் பற்றி இப்படியா எழுதுவது என்று பங்காளிகள் கேட்பார்கள். கேட்கட்டும். கெட்ட பெயரோடு அந்த ஊரில் கடைக்கும் கோயிலுக்கும் நடந்துகொண்டிருப்பவர் அவர், நீங்கள் அல்ல.

அதனால் ஒரு வாக்குத் தருகிறேன். வருகிற படைப்பன்று போனவர்களுக்கெல்லாம் இலை போடுவோம், உங்களுக்கும் ஒன்று இருக்கும். எல்லாப் பங்காளிகளும் கூடியிருப்பார்கள். சித்தப்பாவை முன்னால் உட்காரவைத்து, உங்கள் இலைக்குப் பக்கத்தில் நின்று, இந்தக் கடிதத்தை ஒரு வரி விடாமல் நானே சத்தமாக வாசிப்பேன். நீங்கள் சொல்லுவீர்கள் என்று அவர் காத்திருந்தது, உங்கள் மகன் வாயாலாவது அவர் காதில் விழட்டும். நீங்களும் இருந்து கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

உங்களுக்கு மகன்,
அவருக்கும் மகன்,
வள்ளியப்பன்