ராட்டினம் மெதுவாக நின்றது

என்னங்க,

போன்ல சொன்னா அழுதுடுவேன், அதான் எழுதறேன். முதல்ல ஒண்ணு: அனு நல்லா இருக்கா.

சனிக்கிழமை டிசைன் வகுப்புக்குப் போறேன் இல்ல? ஒரு பாகத்தை எவ்வளவு மெலிசாக்கினா உடையாதுன்னு கம்ப்யூட்டரையே தேட வைக்கக் கத்துக்கறோம். பழகறதுக்காக என் சித்தப்பாவோட ராட்டினத்துல பெட்டியைத் தாங்கற கொக்கியை எடுத்துக்கினேன். எடை பாதியாச்சு. சித்தப்பா சந்தோஷப்பட்டு, திருவிழாவுக்கு அதே மாதிரி செஞ்சு மாட்டிட்டாரு.

இன்னிக்கு அனுவைத் திருவிழாவுல சித்தப்பாகிட்ட விட்டுட்டு வகுப்புக்குப் போனேன். அங்க சார் கேட்டாரு, "சுத்தும்போது திடீர்னு பிரேக் போட்டா?" அதை நான் கம்ப்யூட்டருக்குச் சொல்லவே இல்ல. இப்ப சொன்னதும் திரையில கொக்கி முழுக்கச் சிவப்பாச்சு. சிவப்புன்னா உடையும்.

சித்தப்பா போனை எடுக்கல. ஆட்டோ பிடிச்சு, திருவிழா நடக்கற தாமலுக்குப் போனேன். ராட்டினம் சுத்திக்கினு இருந்தது. உச்சிப் பெட்டியில நீங்க அனுவுக்கு வாங்கித் தந்த பச்சைப் பாவாடை தெரிஞ்சுது.

கத்தினா சித்தப்பா பதறி பிரேக்கை அழுத்திடுவாரு. அதனால நிதானமா கிட்டப் போய், "மோட்டாரை மட்டும் நிறுத்துங்க சித்தப்பா, பிரேக் வேணாம்"னேன்.

"ஏம்மா, நல்லாத்தானே ஓடிக்கினு இருக்குது?" என் முகத்தைப் பார்த்ததும் மோட்டாரை நிறுத்திட்டாரு.

அது தானா நிக்கற வரைக்கும் அந்தக் கொக்கிங்களையே பார்த்துக்கினு நின்னேன். அப்புறம் கையால தள்ளித் தள்ளி, ஒவ்வொரு பெட்டியா குழந்தைங்கள இறக்கினோம். கழட்டிப் பார்த்தா ரெண்டு கொக்கியில விரிசல். சித்தப்பா தரையில உக்காந்துட்டாரு. பழைய கொக்கி மாட்டற வரைக்கும் ராட்டினம் ஓடாது.

ஏன் சீக்கிரம் நிறுத்தினேன்னு அனு கோவமா இருக்கா. உண்மை தெரிஞ்சா பயந்துடுவா; உங்ககிட்ட கேட்டா, அம்மாவுக்குத் தலை சுத்துச்சுன்னு சொல்லிடுங்க. இந்த வாரம் வர முடியுமா?

உங்க வீட்டுக்காரி