கடைவாயில் ஏலக்காய்

12.3.2007, திங்கள்

சொத்தையைச் சுரண்டி அளவெடுத்த பல் டாக்டர், மேலே பதிக்கும் மூடி மதுரையிலிருந்து வரும்வரை தற்காலிகமாக அடைத்து வைத்திருக்கிறார். "அந்தப் பக்கம் எதையும் கடிச்சிராதீக" என்று படித்துப் படித்துச் சொன்னார்.

இன்று ராவுத்தர் பாய் மேகமலை ஏலக்காயைக் கடைக்குக் கொண்டுவந்தார். தரம் பார்க்கக் கடித்தேன், பழக்கத்தில் அதே பக்கம். மண்டைவரை சுளீரென்றது.

என் முகம் போன போக்கைப் பார்த்துப் பாய் பதறிவிட்டார். "காய் அம்புட்டு மோசமாண்ணே? வெலையக் கொறச்சுக்கங்க."

ஒரு நொடி ஆசை வந்தது. பிறகு வாயைத் திறந்து காட்டினேன். "காய் தங்கம் பாய். பல்லுதான் போச்சு."

சிரித்து ஓய்ந்து இருவரும் தேடினோம். அடைப்பைக் காணோம், விழுங்கியிருப்பேன்.

நாளை டாக்டரிடம் இட்லி தின்றபோது விழுந்தது என்று சொல்லிவிடலாம். ஆனால் பல் தேய்த்த பிறகும் அந்தப் பள்ளத்தில் ஏலக்காய் மணக்கிறதே!