மாமன் கையெழுத்து

சிக்கல்,
12.8.2024

அன்புத் தம்பி மாரீஸ்வரனுக்கு அக்கா முருகலட்சுமி எழுதுவது.

என் நம்பரை நீ தடுத்து வைத்திருக்கிறாய். உன் மச்சான் நம்பரையும்தான். உன் அலுவலகத்துக்குப் போட்டால் மாலதி என்கிற பெண் எடுத்து, சார் வெளியூர் என்கிறது. பத்து நாளாக அதே வெளியூர். அதனால் பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு முதல் தடவையாகக் காகிதத்தில் கடிதம் எழுதுகிறேன். கூரியரில் நாலு நாள் ஆகுமாம். கிழித்துப் போடாமல் கடைசி வரை படி.

அய்யா நன்றாக இருக்கிறார். மழைக்கு முன்னால் கரிசலில் ஒரு உழவு ஓட்டிவிட்டார். தம்பி பேசினானா என்று தினமும் கேட்கிறார். பேசினான் என்று தினமும் பொய் சொல்கிறேன்.

ஜூன் மாதம் நம் கம்பெனியிலிருந்து நீ இருக்கிற நாட்டுக்கு அனுப்பிய காஸ் துணிக் கட்டுகளில் பதினெட்டாம் லாட் சரியில்லை. புண்ணில் நேராக வைக்கிற துணி. ஆவி மெஷினில் வைத்துக் கிருமி செத்த பிறகுதான் வெளியே போக வேண்டும். நாம் எடுத்து வைத்திருந்த மாதிரிப் பொட்டலங்களை அடுக்கும்போது பேக்கிங்கில் இருக்கிற பஞ்சம்மாள்தான் கவனித்தது. சூட்டு ஆவி முழுசாகப் பட்டால் கறுப்பாக மாற வேண்டிய அடையாளப் பட்டை பழுப்பாகவே நின்றிருக்கிறது. "யம்மா, இது வேகல" என்று கொண்டுவந்து என் மேசையில் வைத்தது. மதுரைக்கு அனுப்பிச் சோதித்தோம். கிருமி இருக்கிறது. அனுப்பிய அன்று பட்டையைப் பார்த்துச் சரி என்று எழுதியது நான். பாப்பா காதுகுத்துக்குப் பத்திரிகை வைக்கும் அவசரத்தில் சரியாகப் பார்க்கவில்லை. என் தப்புதான், வேறு யாரையும் சொல்ல வாய் இல்லை.

மொத்தம் நாலு பெட்டி. வாங்கியவர்களுக்கு அன்றே எழுதினேன். உள்ளூர் ஏஜென்டான உன் கடிதம் இல்லாமல் விற்பனையை நிறுத்த மாட்டோம் என்றார்கள். அங்குள்ள அரசு அலுவலகத்துக்கு எழுதினேன். பதிவில் உள்ள ஏஜென்ட் வழியாக வாருங்கள் என்று மரியாதையாகப் பதில் வந்தது. வேறு ஏஜென்ட் போடுவதற்கும் பழைய ஏஜென்டின் விடுவிப்புக் கடிதம் வேண்டுமாம். எங்கே சுற்றினாலும் உன் வாசலில்தான் வந்து நிற்கிறேன்.

உன்னை ஏஜென்டாகப் போட்ட அன்றைக்கே மதுரை ஆலோசகர் தலைபாடாக அடித்துக்கொண்டார். இந்த வேலைக்கென்றே அங்கே கம்பெனிகள் இருக்கின்றன, சொந்தத்தில் போடாதீர்கள் என்றார். "வீட்டாளு இருக்கயில வெளியாளு எதுக்கு சார்" என்று மச்சான் சிரித்தார். நியமனக் கடிதத்தை உனக்கு வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்துக் கொடுத்தோம், ஞாபகம் இருக்கிறதா? பிரிந்தால் என்ன செய்வது என்று அதில் ஒரு பத்தி இருந்தது. தம்பியிடம் போய்ப் பிரிகிற பேச்சைப் பேசுவதா என்று நான்தான் அதை எடுக்கச் சொன்னேன்.

இப்போது காதுகுத்து நடந்த அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி. விமானம் தாமதம். ராமநாதபுரம் தாண்டிவிட்டேன் என்று நீ போன் செய்தாய். பத்தரைக்கு ராகுகாலம் என்று பூசாரி அவசரப்படுத்தினார். குலசாமி கோயில் நிறையக் கூட்டம். சித்தப்பா மகன் ராம்குமாரும் மாமன் முறைதானே என்று யாரோ சொன்னார்கள். யாரோ என்ன, தலையாட்டியது நான்தான். நீ சீர்த்தட்டோடு உள்ளே வரும்போது பாப்பா அவன் மடியில் காது குத்தி அழுதுகொண்டிருந்தது. "இருபது நிமிசம் என் எடத்த வச்சிருக்க முடியலயாக்கா?" என்று கேட்டாய். தட்டைக் கீழே வைத்துவிட்டு அப்படியே திரும்பிப் போனாய். பின்னாலேயே ஓடிவந்திருக்க வேண்டும். சபை என்ன நினைக்குமோ என்று நின்றுவிட்டேன்.

இதோடு இரண்டு தாள் வைத்திருக்கிறேன். ஒன்று பெட்டிகளைத் திரும்ப எடுக்கச் சொல்வது. மற்றது நீ ஏஜென்ட் பொறுப்பிலிருந்து விலகுவது. முதல் தாளில் மட்டுமாவது இது கைக்கு வந்த அன்றைக்கே கையெழுத்துப் போடு. கோபம் ஆறவில்லை என்றால் இரண்டிலும் போடு. என்னோடு நீ பேச வேண்டாம். புண்ணோடு படுத்திருப்பவர்கள் உனக்கு ஒன்றும் செய்யவில்லை.

நீ கொண்டுவந்த தோடு அந்தத் தட்டிலேயே இருக்கிறது. வேறு தோடு போட எனக்கு மனம் வரவில்லை. வேப்பங்குச்சி செருகி வைத்திருக்கிறேன். அது விழுந்துவிடும்போதெல்லாம் துளை தூர்ந்துகொண்டே வருகிறது.

காலையில் விளக்கேற்றும்போது வழக்கமாக உனக்கும் உன் பிள்ளைகளுக்கும் நல்லது கேட்பேன். இப்போதும் அதை விடவில்லை. அதோடு, நீ கையெழுத்துப் போடும் வரை அந்த ஊரில் ஒருவருக்கும் காயம் படக்கூடாது என்றும் கேட்கிறேன். இதெல்லாம் சாமியிடம் கேட்கக்கூடிய வரமா, தம்பி? உன்னிடம் கேட்க முடியாததால் அங்கே கேட்கிறேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அக்கா,
முருகலட்சுமி