சாமான்

11.10.2009, ஞாயிறு. மோர்டன், லண்டன்.

என் மகளின் கல்யாணத்துக்கு அமெரிக்காவிலிருந்து வருவதாக இருந்த தம்பி போன் எடுத்தான். அந்த நாட்டு ஆமியில் சேர்ந்து ஈராக் போய் வந்தவன்.

"சாமான் கனக்கவோடா?" என்றேன். பெட்டிகளைத்தான் கேட்டேன்.

"சின்னதுதான் அக்கா. சட்டைக்குள்ளை வைச்சால் தெரியாது."

ஊரில் துப்பாக்கியையும் சாமான் என்றுதான் சொல்வார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. முன்னாள் படையினருக்கான வகுப்புக்குப் போய், அதை மறைத்துக் கொண்டுதிரிய அனுமதியும் எடுத்துவிட்டானாம்.

"அந்தப் பெர்மிட் லண்டனிலை செல்லாது, ராசா."



"அது இல்லாமல் நான் கடைக்கும் போறேல்லை அக்கா. நான் வரேல்லை."

மாமாவுக்கு லீவு கிடைக்கவில்லையாம் என்று மகளிடம் சொல்லிவிட்டேன்.

சின்னதில், ஊரில் ஆமி வருது என்றால் என் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வான். அப்போது அவனுக்கு அது போதுமாக இருந்தது.