ஏராக்கட்டையில் வைத்த கை

கருவேல மரத்தின் வளைவைப் பார்த்ததுமே அதற்குள் படகைக் கண்டுவிடும் என் அப்பாவுக்கு,

அம்மா தூங்குகிறாள். தூங்குவதுபோல் கிடக்கிறாளோ என்னவோ. அடுப்படியில் ஒளிந்து உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக வந்தால் திட்டாதீர்கள், வெளிச்சம் போதவில்லை.

முதலில் ஊர்ச் செய்தி. நீங்கள் கண்ணை மூடிய பிறகு கண்மாய் பெருகவே இல்லை. படகின் விலாவுக்கு ஆகும் என்று கரையில் நீங்கள் பார்த்து வைத்த கருவேலம் அப்படியேதான் வளைந்து நிற்கிறது. நான் பத்தாவது தேறி, அருப்புக்கோட்டைக்குப் பஸ்ஸில் போய்ப் பதினொன்றாவது படிக்கிறேன்.

நேற்று சாயங்காலம் மாமா வந்தார். அம்மாவின் தம்பி என்பதைவிட, தூத்துக்குடி படகுக் கொட்டகையில் கடைசிவரை உங்களோடு நின்றவர் என்றால்தான் உங்களுக்குப் பிடிக்கும். கையில் பூவும் பழமும் இருந்தன. வெள்ளிக்கிழமை பரிசம் போட வருகிறார்களாம். யாருக்கு என்று கேட்டேன். அம்மா தலையைத் தூக்கவில்லை.

"ஒனக்குத்தேன். பின்ன, ஒங்காத்தாளுக்கா?" என்று சிரித்தார் மாமா.

"நான் படிக்கிறேன் மாமா."

"படி, யாரு வேணாங்கிறது? கல்யாணத்துக்குப் பெறகு எனக்குப் பேப்பரு படிச்சுக் காட்டு. ஒன்ன எனக்குத்தேன்னு ஒங்கப்பா வாக்குக் குடுத்துட்டாக. அதுவும் ஏராக்கட்டையில கைய வச்சு."

ஏராக்கட்டை படகின் முதுகெலும்பு. அதைக் கிடத்திப் பூசை போடும் நாளில், அதன்மேல் கை வைத்துச் சொன்ன சொல்லை மீறினால் படகு கரை சேராது என்று உங்கள் ஆட்கள் நம்புவது எனக்கும் தெரியும். அப்பா அப்படிச் செய்திருக்க மாட்டாக என்று கத்தினேன்.

"ஏன், அன்னிக்கி நீயும்தான இருந்த, கவுனு போட்டுக்கிட்டு. ஒங் கைதான அடியில இருந்துச்சு" என்றார்.

எனக்கு ஞாபகம் வந்துவிட்டது அப்பா. மூன்றாம் வகுப்பு லீவில் என்னைக் கூட்டிப் போயிருந்தீர்கள். சந்தனம் பூசிய கட்டையில் என் கையை எடுத்து வைத்தீர்கள். அதன்மேல் மாமா கை. எல்லாவற்றுக்கும் மேலே காய்ப்புக் காய்த்த உங்கள் கை. எனக்கு ஒரே பெருமை. "இனிமே இந்தப் படகு நான் சொன்னாக் கேக்குமாப்பா?" என்று கேட்டேன். நீங்கள் என் தலையைத் தடவினீர்கள்.

அந்தச் சமயம் மாமா வெளிநாட்டு வேலைக்குக் கிளம்ப இருந்தாராம். அவர் போனால் உங்கள் வேலை நின்றுவிடும். "ஆளு நிக்கணும்ல? வேற என்ன செய்வாக?" என்கிறாள் அம்மா. ஆளை நிறுத்த என்னைத் தவிர வேறொன்றும் கிடைக்கவில்லையா உங்களுக்கு? ஒவ்வொரு தடவை வரும்போதும் என் மார்க்கைக் கேட்டுவிட்டு, "நீ எம்புட்டு வேணாலும் படி தாயி" என்பீர்களே. அப்போதெல்லாம் அந்தக் கை உங்களுக்கு ஞாபகம் இருந்ததா? மறந்திருந்தீர்கள் என்றால் எனக்கு இன்னும்தான் வலிக்கும்.

மாமா கெட்டவர் இல்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீங்கள் விழுந்த அன்று உங்களைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடியவர். அதனால்தான் பயமாக இருக்கிறது. இந்த ஊரில் ஒருவர்கூட அவரைத் தப்பு சொல்ல மாட்டார்கள்.

அதே லீவில் இன்னொன்றையும் பார்த்தேன். பக்கத்தில் முடியும் நிலையில் இருந்த படகைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தீர்கள். ஒரு விலாக்கட்டையில் சத்தம் பொத்தென்று கேட்டது. கழற்றச் சொன்னீர்கள். முதலாளி குதித்தார். "யோவ், நல்ல நேரம் பாத்துப் பூசை போட்டு வச்ச கட்டைய்யா! குடிக்கத் தண்ணியில்லாத ஊர்க்காரன் எனக்குக் கடலப் பத்திச் சொல்ல வந்துட்டான்!"

"பூசை போட்டது கடலுக்குத் தெரியாது மொதலாளி" என்றீர்கள். நீங்களே வைத்த கட்டையை நீங்களே கழற்றினீர்கள்.

மரத்துக்குச் செய்ததை எனக்கு ஏன் செய்யாமல் போனீர்கள்?

விடிந்ததும் எப்போதும் போல் பஸ் ஏறுவேன். என் கணக்கு டீச்சரிடம் வாயால் சொல்ல எனக்கு வராது, அழுதுவிடுவேன். இந்தக் கடிதத்தை அவர்கள் கையில் கொடுப்பேன். உங்களுக்கு எழுதியதை அவர்கள் படிக்கட்டும், யாரிடம் காட்ட வேண்டுமோ காட்டட்டும். ஊர் உங்களைப் பேசும். பேசட்டும்.

அடியில் இருந்த என் கையை நான் எடுத்துக்கொள்கிறேன் அப்பா. உங்கள் வாக்கு உடையும். உடைத்தது நான்தான் என்று மாமாவிடம் நானே சொல்வேன். இது சத்தியம். இதற்கு எந்தக் கட்டையும் வேண்டாம்.

கோபம் தீராத, ஆனாலும் உங்களுடைய,
மகள் முனீஸ்வரி